மூல ஓலை என்னிடம் இருக்கிறது

திருவெண்ணெய்நல்லூர்
16.2.2025, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் பேசப் பேச நீ “ம், ம்” கொட்டிக்கொண்டே கம்ப்யூட்டரைத் தட்டுவது எனக்குக் கேட்கிறது. காகிதத்தை அப்படி ஏய்க்க முடியாது. கையில் எடுத்தால் படித்துத்தான் ஆக வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீ கட்டிக்கொள்ளப் போகிறவள் ஆசையாகத்தான் கேட்டாள். “உங்க ஊர்ல என்னக்கா விசேஷம்?” நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். “ஒண்ணுமில்ல. விழுப்புரத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவுல ஒரு பஸ் ஸ்டாண்டு.” யாரிடம் சொல்கிறாய்? கும்பகோணத்துக்காரியிடம். மகாமகக் குளமும் டிகிரி காபியும் கொழுந்து வெற்றிலையும் வைத்திருப்பவளிடம். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. இன்று என் ஜெராக்ஸ் கடைக்கு லீவு விட்டு உட்கார்ந்துவிட்டேன். இதை அவளுக்குப் படித்துக் காட்டு. உன்னைத் திட்டியிருக்கும் இடங்களையும் விடாமல் படி.

முதலில் ஊர்ப் பேர். பஸ் போர்டில் இடம் பத்தாமல் ‘டி.வி. நல்லூர்’ என்று சுருக்கிவிட்டார்கள். வெளியூர்க்காரர்கள் அங்கே டி.வி. செய்கிறார்களா என்று கேட்கிறார்கள். அது வெண்ணெயடா. அம்பாள் வெண்ணெயால் கோட்டை கட்டி, அதற்குள் உட்கார்ந்து தவம் செய்த ஊர் என்று தலபுராணம் சொல்கிறது. விழுப்புரம் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் வெண்ணெய்க் கோட்டை உருகாமல் நின்றதென்றால் அந்தத் தவம் எப்பேர்ப்பட்டதாக இருக்க வேண்டும்! நான் வாங்கிவரும் கால் கிலோ வெண்ணெய் கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் பாதி நெய்யாகிவிடுகிறது.

அவள் நம் மாவட்டத்தைப் பார்த்ததே இல்லை என்கிறாளாம். நூறு தடவை பார்த்திருப்பாள், தூக்கத்தில். கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் போகும் பஸ் பண்ருட்டி, விக்கிரவாண்டி வழியாகத்தானே போகிறது. நடுராத்திரியில் வண்டி திடீரென்று வளைந்து நிற்கும். முகத்தில் டியூப் லைட் அடிக்கும். ஏதோ ஒரு குத்துப்பாட்டு காதைக் கிழிக்கும். ஒரு பையன் பஸ்ஸின் தகரத்தில் படபடவென்று தட்டி, “வண்டி பத்து நிமிஷம் நிக்கும், டீ காபி சாப்பிடறவங்க சாப்பிடலாம்” என்று கத்துவான். அதுதான் நாம். தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு நம் மாவட்டம் என்றால் அரைத் தூக்கத்தில் குடித்த ஒரு டீ. அந்த டீயை வைத்து நம்மை எடை போடாதே என்று அவளிடம் சொல்.

அடுத்தது பேச்சு. இதை அவள் கல்யாணத்துக்கு முன்பே கற்றுக்கொள்வது நல்லது. ‘கொல்லை’ என்றால் அவள் ஊரில் வீட்டுக்குப் பின்புறம். நமக்கு அது மானாவாரி நிலம். “மாமியார் எங்கே?” என்று அவள் கேட்டு, “கொல்லிக்குப் போயிருக்காங்க, சாயந்திரம்தான் வருவாங்க” என்று யாராவது சொன்னால், வயிறு சரியில்லையோ என்று பதறப் போகிறாள். பிறகு ‘அந்தாண்ட’, ‘இந்தாண்ட’. கடைசியாக, மிக முக்கியமாக, ‘மல்லாட்டை’. நிலக்கடலை, வேர்க்கடலை, கடலைக்காய் என்று ஊருக்கு ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். நாம் மட்டும்தான் பிலிப்பைன்ஸ் வரைக்கும் போய் மணிலா நகரத்தின் பேரைக் கொண்டுவந்து, மணிலாக்கொட்டையாக்கி, மல்லாக்கொட்டையாக்கி, மென்று மென்று மல்லாட்டையாக்கினோம். நீ பெங்களூரில் ‘பீநட்ஸ்’ என்று கேட்டு வாங்குவதாகக் கேள்வி. அம்மாவிடம் சொல்லவில்லை. இந்த வட்டாரத்துச் சொற்களையெல்லாம் திரட்டிக் கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொல்லகராதி என்று புத்தகமே போட்டிருக்கிறார். கல்யாணப் பரிசாக அவளுக்கு அதைத்தான் கொடுக்கப் போகிறேன்.

இனி கதைக்கு வருகிறேன். நீ கல்யாணம் செய்யப் போகிறவன். நம்மூரோ கல்யாணத்தை நிறுத்தின ஊர். சுந்தரர் கதை உனக்குத் தெரியும், ஆனால் ஜெராக்ஸ் கடைக்காரி சொல்லி நீ கேட்டதில்லை. திருநாவலூர் மாப்பிள்ளை. புத்தூரில் கல்யாணம். மேளம் கொட்டுகிற நேரத்தில் ஒரு கிழவர் தடி ஊன்றிக்கொண்டு வந்து, “இவன் எனக்கு அடிமை. இவன் தாத்தா எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது” என்கிறார். சபையே சிரிக்கிறது. மாப்பிள்ளை, “நீ என்ன பித்தனா?” என்று கேட்டுவிட்டு, ஓலையைப் பிடுங்கிக் கிழித்தே போடுகிறார். கிழவர் அசரவில்லை. “என் ஊர் வெண்ணெய்நல்லூர். வழக்கை அங்கே பேசலாம், வா” என்று இழுத்துக்கொண்டு வருகிறார். நம்மூர் அவையில் வைத்து, “நீ கிழித்தது நகல், மூல ஓலை இதோ” என்று எடுத்து நீட்டுகிறார். அவையினர் தாத்தாவின் வேறொரு எழுத்தை வரவழைத்துக் கையெழுத்தை ஒத்துப் பார்க்கிறார்கள். ஒத்துப்போகிறது. தீர்ப்பு கிழவருக்கு. சரி, உம் வீடு எங்கே என்று கேட்டால், விறுவிறுவென்று நடந்து கோயிலுக்குள் போய் மறைந்துவிடுகிறார். வந்தது யார் என்று அப்போதுதான் உறைக்கிறது. என்ன பாடுவது என்று கேட்டவரிடம், “என்னைப் பித்தன் என்றாயே, அதையே வைத்துப் பாடு” என்கிறார் சாமி. சுந்தரர் தேவாரத்தின் முதல் பதிகம் அப்படி ஒரு வசவுச் சொல்லில் நம்மூரில்தான் தொடங்குகிறது. இன்றைக்கு நடந்திருந்தால் வழக்கே எடுபட்டிருக்காது. 2019இல் மாவட்டத்தைப் பிரித்ததில் திருநாவலூர் கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டது, நாம் விழுப்புரத்திலேயே நின்றுவிட்டோம். “மாப்பிள்ளை எங்க எல்லையில வரமாட்டார்” என்று கிழவரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

சாமியே நகல் ஒன்று, மூலம் ஒன்று வைத்துக்கொண்டு வழக்காடிய ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன் என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. நாள் பூராவும் பட்டா, சிட்டா, பத்திரம். ஒரு நாள் ஒரு பெரியவர் வந்தார். “மூலம் இருக்கா தாத்தா?” என்று கேட்டேன். “அதெல்லாம் போன வருஷமே ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சும்மா” என்றார். அன்றிலிருந்து ‘ஒரிஜினல்’ என்றே கேட்கிறேன்.

ஜெராக்ஸில் வருவது சோற்றுக்கு, பேனர் டிசைனில் வருவது குழம்புக்கு. இந்தத் தை மாதம் முழுக்கக் கல்யாண பேனர்தான். பத்து அடிக்கு எட்டு அடி பேனர் ஒன்றுக்கு ஆறு பையன்கள் வந்து என் நாற்காலியைச் சுற்றி நின்றுகொள்வார்கள். இருபத்து நாலு பாஸ்போர்ட் போட்டோ. பன்னிரண்டு பேருக்குக் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும், எட்டுப் பேரைச் சிவப்பாக்க வேண்டும், ஒருவனுக்கு மீசை ஒட்ட வேண்டும். இந்த ஓரத்தில் விஜய், அந்த ஓரத்தில் அஜித். யாருடைய தலை மேலே வருவது என்பதில் அரை மணி நேரப் பஞ்சாயத்து. கடைசியில் ஸ்கேல் வைத்து அளந்து இரண்டு தலையையும் ஒரே உயரத்தில் வைத்தேன். எல்லாம் முடித்து ‘சேவ்’ கொடுக்கும்போதுதான் கவனித்தேன். “டேய், மாப்பிள்ளை எங்கடா?” ஒருவன் நிதானமாகச் சொன்னான், “அவன் மூஞ்சிதான் மேடையிலயே இருக்கப் போவுதேக்கா. எங்க மூஞ்சிய வேற எங்க பாக்கறது?” நியாயம்தானே என்று எனக்கே பட்டது. இருந்தாலும் மாப்பிள்ளையைத் தாம்பூலத் தட்டுப் படத்துக்குப் பக்கத்தில் சின்னதாக நுழைத்துவிட்டேன்.

இதைப் பார்த்துச் சிரிக்காதே. இதற்கும் நம்மூரில் பரம்பரை இருக்கிறது. கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளல் வெண்ணெய்நல்லூர்க்காரர். நன்றிக்காகக் கம்பர் ராமாயணத்தில் நூறு பாட்டுக்கு ஒருமுறை அவர் பேரை வைத்தாராம். அரங்கேற்றத்தில் பெரியவர்கள் முகம் சுளித்ததால் ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைத்தாராம். அப்படிக் குறைத்தும் எங்கே வைத்தார் பார். ராமனுக்கு முடிசூட்டுகிற இடத்தில். வசிட்டர் முடி சூட்டுகிறார், அந்த முடியை எடுத்துக் கொடுக்கிறவர்கள் சடையப்பரின் முன்னோர்கள். அயோத்தியில் பட்டாபிஷேகம், கிரீடத்தைக் கையில் ஏந்தி நிற்பது நம்மூர் ஆள்! கோயில் டியூப் லைட்டில் வெளிச்சமே தெரியாத அளவுக்கு ‘உபயம்’ என்று பேர் எழுதுகிறவர்களைப் பார்த்து நீ கேலி பேசுவாய். கம்பர் விளக்கையும் மறைக்கவில்லை, உபயக்காரரையும் மறக்கவில்லை. அந்தக் கணக்கை பேனர் பையன்களிடம் சொல்லிப் பார்த்தேன். “ஆயிரத்துக்கு ஒண்ணுன்னா எங்களுக்குக் கட்டுப்படியாவாதுக்கா” என்கிறார்கள்.

சினிமாவும் நமக்கு ஒன்றும் அந்நியமில்லை. 1928 அக்டோபர் 1ஆம் தேதி விழுப்புரத்தில் பிறந்த கணேசன்தான் சிவாஜி. வி.சி. கணேசன் என்பதில் அந்த ‘வி’ விழுப்புரம். சிவாஜி வேஷம் கட்டி நடித்ததைப் பார்த்துப் பெரியார் வைத்த பேர் ஊர்ப் பேரை மூடிவிட்டது என்று நம் தாத்தா கடைசி வரைக்கும் வருத்தப்பட்டார். 1967இல் ஏ.பி. நாகராஜனின் திருவருட்செல்வர் வந்தபோது அவருக்குக் கொஞ்சம் ஆறுதல். அந்தப் படத்தில் சிவாஜிக்குப் பல வேஷம், அதில் சுந்தரரும் ஒன்று. “விழுப்புரத்துக்காரன் வெண்ணெய்நல்லூர் வழக்குல நிக்கறான், தீர்ப்பு எப்படியும் நம்ம பக்கம்தான்” என்று சொல்லிக்கொண்டே மாட்டு வண்டி கட்டிப் போய்ப் பார்த்தாராம்.

ஆனால் தாத்தாவுக்கு உயிர் கூத்துதான். போன ஆகஸ்டில் ‘ஜமா’ என்று கூத்துக்காரர்களைப் பற்றி ஒரு படம் வந்ததே, பார்த்துவிட்டு நடுராத்திரியில் எனக்கு மெசேஜ் போட்டாய், “அக்கா, செம படம், நம்ம கூத்து!” என்று. அடப்பாவி, ஆற்றுக்கு அந்தாண்ட பூர்வீக ஊரில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் உன்னைத் தூக்கிக்கொண்டு போனது நான். கட்டியக்காரன் வாயைத் திறப்பதற்கு முன்பே என் மடியில் படுத்துக் குறட்டை விட்டது நீ. பகலில் பாரதம் படிப்பார்கள். ராத்திரியில் கூத்து. பதினெட்டாம் போர் அன்று தரையில் மண்ணால் துரியோதனனை மல்லாக்கப் படுக்க வைத்துப் படுகளம். சாயந்திரம் தீமிதி. துரியோதனன் வேஷக்காரரைக் கிழவிகள் துடைப்பத்தால் விளாசுவார்களே, அப்போது மட்டும் கண் விழித்துக் கை தட்டுவாய்.

இப்போது படத்தில் கதாநாயகன் வரும்போது முதலில் செருப்பைக் காட்டி, பிறகு முதுகைக் காட்டி, கடைசியில் முகத்தைக் காட்டுகிறார்களே, அது யார் கண்டுபிடித்தது என்று நினைக்கிறாய்? கூத்தில் இரண்டு பேர் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடிப்பார்கள். உள்ளேயிருந்து பாட்டு வரும், முகம் வராது. திரைக்குக் கீழே சலங்கை கட்டின கால் மட்டும் ஆடும். கிரீடத்தின் நுனி மேலே எட்டிப் பார்க்கும். முகவீணை ஏறிக்கொண்டே போகும். சனம் பொறுக்க மாட்டாமல் விசிலடிக்கும்போதுதான் திரை விலகும். முகத்தில் அரிதாரம், தோளில் புஜகீர்த்தி, கண்ணை உருட்டி ஒரு சுற்று. திரௌபதியே அந்த வெளிச்சத்தில் ஒரு கணம் மிரளுவாள். சாமியே கிழவர் வேஷம் கட்டிக்கொண்டு வந்துதான் நம்மூரில் காரியத்தைச் சாதித்தார். அதனால்தானோ என்னவோ, வேஷம் கட்டாமல் வருகிற எதையும் நம் சனங்கள் நம்புவதில்லை.

போன அக்டோபர் 27ஆம் தேதி விக்கிரவாண்டி வி.சாலையில் விஜய் கட்சியின் முதல் மாநாடு நடந்ததே, அன்றைக்குக் கடைப் பையன் லீவு கேட்டான். பாட்டிக்கு உடம்பு முடியவில்லையாம். பாவம் என்று அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பாட்டியே கடைக்கு வந்து நின்றது, தலை வாரி, பூ வைத்து. “மாநாட்டு வண்டியில எனக்கும் ஒரு இடம் புடிக்கச் சொன்னேன், அந்தப் பய எங்க?” அந்த வாரம் முழுக்க டி.வி.யில் நம் மாவட்டம்தான். டி.வி. நல்லூர் என்ற பேருக்கு இப்போதாவது நியாயம் கிடைத்ததே என்று நினைத்தேன். அந்த நினைப்பு யார் கண்ணில் பட்டதோ, ஒரே மாதத்தில் மறுபடியும் டி.வி.யில் வந்தோம். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல். மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. பிறகு சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர். கோடையில் கொலுசு நனையாமல் நாம் நடந்து கடந்த தென்பெண்ணை, அன்று கரை தெரியாமல் போனது. அரசூரில் நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம். நீ போனில் அழுதது எனக்கு நினைவிருக்கிறது. அதை அவளிடம் படிக்க வேண்டாம்.

வெள்ளம் வடிந்த பிறகு ஒரு மாதம் என் கடையைப் பார்த்திருக்க வேண்டும். ஊறிப்போன ரேஷன் கார்டு, சேறு படிந்த பத்திரம், மை கரைந்த மார்க் ஷீட். ஒவ்வொருவரும் கேட்டது ஒன்றுதான். “போன வருஷம் உன்கிட்டதான் ஜெராக்ஸ் எடுத்தேன், உன் கம்ப்யூட்டர்ல இருக்குமா பாரு.” ஸ்கேன் செய்தவர்களுடையது இருந்தது. எடுத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. மூலம் போய் நகல் மிஞ்சிய காலம் அது.

நம் வீட்டிலும் முழங்கால் அளவு தண்ணீர் வந்ததல்லவா. தாத்தாவின் தகரப் பெட்டியைப் பரண் மேலிருந்து இறக்கி, ஓதம் போக வெயிலில் உலர்த்தினேன். உள்ளே சாமிப் படம், பழைய பஞ்சாங்கம், இரண்டு பெட்ரோமாக்ஸ் மேண்டில். அதற்கடியில் நாலாக மடித்த ஒரு காகிதம். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் குறுக்கே தாத்தாவின் கையெழுத்து. சாட்சி மூன்று பேர், அதில் ஒருவர் கைநாட்டு. 1967ஆம் வருஷம் வைகாசி. நான் படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்துக்குப் பத்து ராத்திரியும் இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்கும் அதற்கான மண்ணெண்ணெயும் தன் உபயம் என்றும், தனக்குப் பிறகு தன் ஆண் வாரிசுகள் இதைத் தவறாமல் செய்ய வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

விளக்குக்குப் பக்கத்தில் தாத்தா ஏன் ராத்திரி பூராவும் உட்கார்ந்திருப்பார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வெளிச்சம் மங்கினால் எழுந்து பம்ப் அடிப்பார், ஊசியால் குத்தி அடைப்பை எடுப்பார். கொஞ்சம் அயர்ந்தால் போதும், கட்டியக்காரன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, “மகாராஜா, ஊரெல்லாம் இருட்டா கெடக்குது, விளக்குக்காரரு கனவுல கல்யாணத்துக்குப் போயிட்டாரு” என்பான். சனம் சிரிக்கும், தாத்தாவும் சிரிப்பார். அத்தனை ராஜாக்களும் அவர் வெளிச்சத்தில்தான் ஆடினார்கள். எங்கேயும் அவர் பேர் எழுதவில்லை.

அப்பா மண்ணெண்ணெய்க் காசைக் கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். பெட்ரோமாக்ஸ் போய் ஜெனரேட்டர் வந்த பிறகு, யாரும் கேட்கவில்லை என்று விட்டுவிட்டாராம். இந்த வைகாசிக்குக் கூத்து ஜமா பேசியாகிவிட்டது. ஃபோகஸ் லைட்டு, ஜெனரேட்டர், டீசல், பத்து ராத்திரிக்கும். ஆண் வாரிசு நீ ஒருவன்தான். பெண் வாரிசை எழுதாமல் விட்டது தாத்தா செய்த பிழை, அதைப் பற்றி நான் அவரிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன். நீ கல்யாணத் தேதி வைப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைத் தீர்த்துவிடு. நம்மூர் வழக்கம் உனக்குத் தெரியும், ஓலையோடு வந்து நிற்பதற்கு மேளம் கொட்டுகிற நேரத்தைத்தான் பார்ப்போம். அவளையும் கூட்டிக்கொண்டு வா. திரை விலகும்போது அவள் விசிலடிப்பாளா, மிரளுவாளா என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, “ஊர்ல என்ன விசேஷம்?” என்ற கேள்விக்கு அவளே பதில் சொல்லட்டும்.

காகிதத்தைப் போட்டோ எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். வேண்டுமானால் அழித்துக்கொள். அது நகல். மூலம் லேமினேஷன் செய்து என் கல்லாப் பெட்டிக்குள் இருக்கிறது.

இதைப் படித்தவுடன், “உனக்கென்ன பைத்தியமா அக்கா?” என்றுதான் பதில் போடுவாய். போடு. நம்மூரில் திட்டிவிட்டுத்தான் பாட்டைத் தொடங்குவார்கள்.

இப்படிக்கு,
அன்பு அக்கா

பி.கு.: பெங்களூர் வருகிற பக்கத்து வீட்டுத் தம்பியிடம் இரண்டு படி காய்ந்த மல்லாட்டை கொடுத்தனுப்பியிருக்கிறேன். அவளுக்கும் கொடு. வேர்க்கடலை என்று கேட்டால் கொடுக்காதே. பேர் சொல்லிக் கேட்டால் கொடு.